இரு செவிகளின் குருதி

முத்துக்குளித்துறையின் கிறிஸ்தவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் ஒரு காதிலிருந்தே தொடங்குகின்றனர். 1530-களின் முற்பகுதியில் தூத்துக்குடியில் பரதவப் பெண் ஒருத்தியை முஸ்லிம் ஒருவர் இழிவாகப் பேசினார் என்றும், தட்டிக்கேட்ட அவள் கணவனின் காது அணிந்திருந்த நகையோடு கிழிக்கப்பட்டது என்றும் இயேசு சபைத் துறவியர் எழுதி வைத்தனர். கிழிந்தது அப்பெண்ணின் காதே என்று சொல்லும் வழக்கும் உண்டு. யாருடைய காதாயினும் அதில் வழிந்த குருதி அன்றோடு நிற்கவில்லை. பழிக்குப் பழி மூண்டது. இரு தரப்பிலும் உயிர்கள் மடிந்தன. ஒரு கட்டத்தில் பரதவரின் தலை ஒன்றுக்கு ஐந்து பணம் என விலை வைக்கப்பட்டதாம். தலைகள் மிகுதியாக வந்து குவியவே விலை ஒரு பணமாகக் குறைந்தது என்பதும் அவர்கள் தரும் செய்திதான்.

காது என்பது அக்காலக் கரையில் வெறும் உறுப்பன்று. ஆணும் பெண்ணும் துளையிட்டு வளர்த்த காது. பொன்னின் கனத்தால் தோளை நோக்கித் தாழ்ந்த காது. ஒருவனுடைய குலமும் செல்வமும் அங்கே தொங்கின. காதணியைப் பறிப்பது களவு என்றால், காதோடு பறிப்பது குலத்தின் முகத்தில் அறைவது. ஆகவேதான் ஒருவன் காதில் கசிந்த சில துளிகள் ஓர் இனத்தின் குருதியாக எண்ணப்பட்டன.

பின்னர் நடந்தவை நம் வாசகர் பலரும் அறிந்தவையே. கோழிக்கோட்டுச் செட்டி மரபினரும், லிஸ்பனில் திருமுழுக்குப் பெற்றவருமான ஜோவா தா குரூஸ் என்ற குதிரை வணிகர் பரதவரின் பட்டங்கட்டிகளுக்கு ஒரு வழி சொன்னார். அவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் காவலை நாடினர், திருமுழுக்கும் பெற்றனர். 1536-லும் அடுத்த ஆண்டிலும் மறைமாவட்டப் பொதுப் பதில்குரு மிகுவேல் வாசும் உடன்வந்த குருக்களும் ஊர் ஊராகச் சென்று திருமுழுக்கு அளித்தனர். இருபதாயிரம் பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. 1538-இல் வேதாளைக் கரையில் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தனர். புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரையில் கால் வைத்தது 1542-இல்தான். அதற்குள் குருதி காய்ந்துவிட்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வரலாறு முழுவதும் ஒரு தரப்பினர் எழுதியது. அதுவும் பல ஆண்டுகள் கழித்து எழுதியது. காயலிலும் கீழக்கரையிலும் வாழ்ந்த முஸ்லிம் கடலோடிகளின் நாவிலிருந்து அந்த நாள்களைக் கேட்க நமக்கு வாய்ப்பில்லை. மேலும், கிழிந்த காது சண்டைக்குத் தொடக்கமாக இருந்திருக்கலாம், காரணம் முத்து. முத்துப் பார்களின் மேல் யாருக்கு உரிமை, குளிப்போரிடம் யார் வரி கொள்வது, விளைந்த முத்தை யார் கடல் கடத்தி விற்பது என்ற போட்டி அதற்கு முன்பே முற்றியிருந்தது. புதிதாக வந்த போர்த்துக்கீசியரும் ஆன்மாக்களை மட்டும் தேடி வந்தவர்கள் அல்லர்.

இந்த முதற் காதை நம் வரலாற்று நூல்கள் மறக்கவில்லை. விழா மலர்களும் ஊர் வரலாறுகளும் அதை மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கின்றன. ஆனால் அதே கரையில், அதே மக்களிடத்தில், இன்னொரு காது இருந்தது. பகைவர் யாரும் அதைக் கிழிக்கவில்லை. முத்துச்சலாபம் நடந்த பருவந்தோறும் அது தானாகவே குருதி கசிந்தது.

கடலுக்குள் இறங்குகிறவனின் உடலில் நடப்பதைச் சற்றே நின்று பார்ப்போம். நீர்மட்டத்தில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டலத்தின் எடை. பத்து மீட்டர் ஆழத்தில் அது இரண்டாகிறது. இருபது மீட்டரில் மூன்றாகிறது. முத்துச் சிப்பிகள் கிடக்கும் பார்கள் பெரும்பாலும் இந்த ஆழங்களில்தான் உள்ளன. செவிப்பறைக்கு உட்புறமுள்ள நடுச்செவியில் சிறிதளவு காற்று உண்டு. ஆழத்தின் அழுத்தத்தில் அக்காற்று சுருங்குகிறது. தொண்டையையும் செவியையும் இணைக்கும் சிறு குழல் வழியே மேலும் காற்று உட்புகுந்து ஈடுசெய்ய வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளுக்குள் ஊதுவது அதற்குத்தான். குளித்தவனுக்குச் சளி பிடித்திருந்தாலோ, கல்லின் எடை அவனை மிக விரைவாகக் கீழே இழுத்தாலோ அது நிகழாது. அப்போது வெற்றிடத்தை நிரப்ப உடல் தன்னிடமுள்ள வேறொன்றைத் தருகிறது. நடுச்செவியின் மெல்லிய சவ்விலுள்ள நுண்ணிய குருதிக் குழல்கள் வீங்கி வெடிக்கின்றன; செவிப்பறை உட்புறமாகக் கிழிகிறது. முகத்தின் எலும்புக் குழிகளிலும் இதுவே நேர்ந்து மூக்கின் வழியாகக் குருதி இறங்குகிறது. ஆறிய செவிப்பறை அடுத்த பருவத்தில் மறுபடியும் கிழியும். பல பருவங்கள் இவ்வாறு கழிந்தால் கேள்வி மங்குவது இயல்பு.

உடலுக்குள் தங்கிவிடும் குருதிக்கும் ஒரு கதை உண்டு. மூச்சை அடக்கி முகம் நீரில் ஆழ்ந்தவுடன் இதயத் துடிப்பு தளர்கிறது. கை கால்களிலிருந்து குருதி பின்வாங்கி இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கப்படுகிறது. மண்ணீரல் சுருங்கித் தன்னிடம் சேமித்து வைத்த சிவப்பணுக்களை வெளியேற்றி உதவுகிறது. இந்தோனேசியக் கடலில் தலைமுறை தலைமுறையாகக் குளித்து வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அயலில் வாழும் நிலத்து மக்களுடையதைவிட ஏறத்தாழப் பாதியளவு பெரிது என 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. நூற்றாண்டுகளின் மூச்சடக்கம் குருதியின் கிடங்கையே பெரிதாக்கியிருக்கிறது! மேலே தோணியில் இருப்பவனுக்கு இவை ஒன்றும் தெரியாது. அவன் கையில் ஒரு கயிறு மட்டும் இருக்கிறது. அந்தக் கயிற்றுக்குப் பின்னர் வருவோம்.

இந்த இரண்டாம் காதின் குருதியை எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் அயலார். கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழியே வணிகம் செய்த கிரேக்கர் ஒருவரின் 'பெரிப்ளூஸ்' என்ற கையேடு, பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. முத்தெடுத்தல் ஒரு தண்டனைக்குரிய வேலையாக எண்ணப்பட்ட காலமும் இருந்தது என்பதே இதன் பொருள். பின்னர் 1803-இல் வெளியான தம் இலங்கை நூலில் ஆங்கிலப் படை அலுவலர் இராபர்ட் பெர்சிவல், மன்னார்க் கரையின் சலாபத்தைப் பார்த்து எழுதினார். நீரிலிருந்து தூக்கப்பட்டவர்களின் வாய், மூக்கு, செவி ஆகியவற்றிலிருந்து நீர் கொட்டுகிறது. பல வேளைகளில் குருதியும் வருகிறது. ஆயினும் தம் முறை வந்ததும் மறுபடி இறங்கிவிடுகின்றனர். ஒரே நாளில் நாற்பது ஐம்பது முறைகூட இறங்குகின்றனர் என்பது அவர் தரும் செய்தி. அந்தச் சலாபங்களுக்குத் தூத்துக்குடிக் கரையிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் பரதவரும் முஸ்லிம்களும் தோணி தோணியாகச் சென்றனர். காதின் பொருட்டுப் பகைத்த இரு சமூகத்தாருக்கும் பாரின் மேல் கசிந்தது ஒரே நிறக் குருதிதான். (அவர்கள் தேடிய சிப்பிக்கோ குருதியில் நிறமே இல்லை.)

நம் இலக்கியத்தில் இக்குருதி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் மிக அடங்கிய குரலில் இருக்கிறது. பரணி நூல்களிலும் புறப்பாடல்களிலும் குருதி ஆறாக ஓடும்; யானைகள் அதில் மிதக்கும்; பேய்கள் அதை அள்ளிப் பருகும். நெய்தற் பாடல்களில் அவ்வாறன்று. குறுந்தொகையில் ஒரு தோழி தலைவனுக்குக் குறிப்பாக ஒன்றை உணர்த்துகிறாள். சுறா தாக்கியதால் உண்டான புண் ஆறித் தந்தை மீண்டும் கடலுக்குப் போய்விட்டார்; தாயோ உப்பைக் கொடுத்து நெல் வாங்கி வர உப்பளத்துக்குப் போயிருக்கிறாள்; வீட்டில் யாருமில்லை, இப்போது வரலாம் என்பது கருத்து. தந்தையின் காயத்தைப் பற்றி ஒரு கண்ணீரும் இல்லை. அவர் வீட்டில் இல்லை என்பதைத் தெரிவிப்பதற்கான துணைச் செய்தியாகவே அது வருகிறது. போர்க்களத்துப் புண்ணுக்கு நடுகல் உண்டு. கடற்புண்ணுக்கு 'ஆறிவிட்டது, போய்விட்டார்' என்பதே உண்டு. கடலோர வாழ்வின் முழு உண்மையும் இந்த அலட்சியத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பரணிகளின் குருதி வெள்ளத்தைவிட இந்த ஆறிய புண்ணே என் மனத்தை உலுக்குகிறது.

குருதி கசிந்தவன் கையில் நின்றது எவ்வளவு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த சிப்பிகளை மூன்று குவியலாக்கி, இரண்டை அரசு கொண்டது, ஒன்றே குளித்தவர்களுக்கு. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்போ இக்கரை மக்கள் கட்டிய வரிகளுள் ஒன்றின் பெயரே வேடிக்கையானது. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஆண்டுதோறும் நாலாயிரம் பணம் இங்கிருந்து சென்றது. சவேரியார் அரசி கத்தரீனுக்கு எழுதி, அத்தொகையை இக்கரைச் சிறுவர்களுக்கு மறைக்கல்வி புகட்டும் உபதேசியார்களுக்கு வழங்கச் செய்தார். வானகம் ஏற அரசிக்கு இதைவிடச் சிறந்த காலணி வாய்க்காது என்ற பொருள்பட அவர் எழுதியதாகச் சொல்வர். புனிதரின் நயமான சொல்லைப் பாராட்டலாம். ஆனால் அந்த நாலாயிரம் பணமும் யாருடைய செவி வழியாக வந்தது என்பதை யாரும் எழுதவில்லை.

நாமும் எழுதவில்லை. 'நம் இரத்தம்' என்று பெருமையோடு பேசிய அதே கரையில், ஒரே குலத்துக்குள்ளேயே மேசைக்காரர் என்றும் கம்மாரக்காரர் என்றும் பிரிவு இருந்தது. முத்தையும் சங்கையும் வாங்கி விற்று உயர்ந்தோர் ஒருபுறம். தோணியிலும் நீரிலும் உழைத்தோர் மறுபுறம். கிழிந்த முதற் காது இரு பிரிவினருக்கும் பொதுவான பெருமையாயிற்று. கசிந்த இரண்டாம் காது ஒரு பிரிவினருக்கு மட்டும் உரியதாக இருந்தது. திருமுழுக்குப் பெற்றது ஒரு குலம் முழுவதும் சேர்ந்து. ஆகவே அந்த நீர் குல எல்லையைக் கரைக்கவில்லை. பட்டங்கட்டிகளும் சாதித் தலைவரும் முன்போலவே தொடர்ந்தனர். அது அன்றைய சூழலில் ஒரு சமூகத்தைக் காத்த அரண் என்பதை நான் மறுக்கவில்லை. அரணுக்கு உட்புறமும் படிகள் உண்டு என்பதையே சொல்கிறேன்.

இக்கரையின் இரண்டாம் காது உலக இலக்கியத்தில் ஓரிடத்தில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. அதுவும் நாம் எதிர்பாராத இடத்தில். ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1818-இல் எழுதி 1820-இல் வெளியிட்ட 'இசபெல்லா' என்ற கதைப்பாடல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் நடப்பது. போக்காச்சியோவின் பழைய கதை ஒன்றைத் தழுவியது. இசபெல்லாவின் உடன்பிறந்தோர் இருவரும் பெருவணிகர்கள். அவர்களுடைய செல்வம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று கவிஞர் அடுக்கிக்கொண்டு போகையில், சுறாக்கள் திரியும் கடலில் இறங்கி அவர்களுக்காகச் செவிகளில் குருதி பெருக்கிய இலங்கைக் குளியாளியைக் காட்டுகிறார். கீட்ஸ் மருத்துவம் பயின்றவர். இலண்டன் கைஸ் மருத்துவமனையில் அறுவை அரங்குகளைக் கண்டவர். 1816-இல் மருந்தாளராக உரிமமும் பெற்றவர். குருதி அவருக்கு அணியலங்காரம் அன்று. கண்ணால் காணாத கடலில் இறங்கிய, பெயரறியாத ஒருவனின் காது அவருடைய கவிதைக்குள் வந்து கசிகிறது. அந்த இலங்கைக் குளியாளி நம் மன்னார் வளைகுடாவின் எந்தக் கரையிலிருந்தும் சென்றவனாக இருக்கலாம்.

கதையின் மிச்சம் இன்னும் கொடியது. தங்கையை உயர்குடியில் மணமுடிக்க விரும்பிய அவ்விரு உடன்பிறந்தோரும், அவள் காதலித்த தம் பணியாளன் லொரென்சோவைக் காட்டுக்கு அழைத்துச் சென்று கொல்கின்றனர். அவளோ அவன் தலையைத் தோண்டியெடுத்து, திருநீற்றுப்பச்சைச் செடி வளரும் தொட்டியில் புதைத்துக் கண்ணீரால் வளர்க்கிறாள். குளித்தவன் குருதியால் செழித்த குடும்பம், தன் குலக் குருதியின் மதிப்பைக் காக்க இன்னொருவன் குருதியைச் சிந்துகிறது. இவ்விரண்டையும் ஒரே கதைக்குள் வைத்தது கவிஞரின் நுண்ணறிவு. பிளாரன்சு நமக்குத் தொலைவு என்று எண்ணிவிட வேண்டாம். ஆணவக் கொலை என்று இன்று நாம் பெயரிட்டு அழைக்கும் கொலைகளில் தமிழகத்தின் தென்மாவட்டங்கள் அறியாதது எது? குற்றஞ்சாட்டப்படுவோர் வரிசையில் பெண்ணின் அண்ணனும் தம்பியும் எத்தனை முறை நின்றிருக்கின்றனர்!

இப்போது கயிற்றுக்கு வருவோம். குளிப்பவன் இடுப்பிலிருந்து தோணிக்குச் செல்லும் கயிற்றை யார் பிடிப்பது? உடன்பிறந்தவன் அல்லன், மனைவியின் உடன்பிறந்தவன், மச்சான், பிடிக்க வேண்டும் என்பது முத்துக்குளித்துறையில் வழங்கும் மரபு. அண்ணன் தம்பியருக்குள் பாகப் பிரிவினை உண்டு. ஒருவன் போனால் மற்றவனுக்குப் பங்கு கூடும். மச்சானுக்கோ கயிறு நழுவினால் தன் அக்காளோ தங்கையோ தாலி இழப்பாள். கணக்கு எவ்வளவு கூர்மையானது பாருங்கள்! 'இரத்தம் இரத்தத்தைக் கைவிடாது' என்று மேடைகளில் முழங்கப்படுகிறது. பத்துப் பாகம் ஆழத்தில் மூச்சடக்கி நின்றவனோ அந்த வாதத்தை நம்பித் தன் உயிரைத் தொங்கவிடவில்லை. பெண் கொடுத்து வந்த உறவையே நம்பினான்.

பழந்தமிழில் உறவைக் குறித்த சொற்களிலும் குருதியைத் தேடிப் பார்த்தால் அரிதாகவே கிடைக்கிறது. கிளை என்றார்கள், கொடிவழி என்றார்கள், சுற்றம் என்றார்கள், கேளிர் என்றார்கள். கிளையும் கொடியும் படர்ந்துகொண்டே போகக் கூடியவை; அயல் மரத்தின் ஒட்டையும் ஏற்கக் கூடியவை.

மருத்துவம் இதில் மச்சான் பக்கமே நிற்கிறது. 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் மனிதக் குருதியில் வகைகள் உண்டு என்று வெளியிட்ட பின்னர், தாய்க்கும் மகனுக்கும் வகை வேறாக இருக்கலாம், முன்பின் அறியாதவருக்குப் பொருந்தியிருக்கலாம் என்பது வெளிப்பட்டது. ஒரே பெற்றோரின் நான்கு பிள்ளைகள் ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கு வகையினராகவும் பிறக்கக் கூடும். 1952-இல் பம்பாயில் மருத்துவர் பெண்டே முதலானோர் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன 'பம்பாய்' வகையினருக்கோ ஓ வகைக் குருதியும் ஒவ்வாது; இன்னொரு பம்பாய் வகையினர்தான் தர வேண்டும். அவர் எந்த ஊரினராகவும் எந்தச் சாதியினராகவும் இருக்கலாம். பலரும் அறியாத இன்னொரு செய்தியும் உண்டு. நெருங்கிய இரத்த உறவினரின் குருதியை ஏற்றுவதில் தனியான ஆபத்து ஒன்று இருக்கிறது. கொடுத்தவரின் வெள்ளணுக்கள் பெற்றவர் உடலுக்கு மிக ஒத்திருப்பதால் அந்நியமென்று அடையாளம் காணப்படாமல் தங்கி, பின்னர் அந்த உடலையே தாக்கலாம். அரிதாகவே நேர்வது, நேர்ந்தால் பிழைப்பது கடினம். ஆகவே உறவினர் குருதியைக் கதிரியக்கத்துக்கு உட்படுத்திய பின்னரே ஏற்றுவது அல்லது தவிர்ப்பது முறை. அவசர வேளையில் உடன்பிறந்தவரே ஓடி வரும்போது இதைச் சொல்வது மருத்துவருக்கு எளிதன்று.

குருதியை விலைக்கு விற்போரை நம்பியே நம் நாட்டு மருத்துவமனைகள் பல நெடுங்காலம் இயங்கின. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் அவ்வாறு விற்பது தடை செய்யப்பட்டது. ஒருவன் தன் குருதியை விற்கக் கூடாது என்று சட்டம் சொல்வதற்கு, கொற்கையில் அது விற்கப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

தூத்துக்குடியில் கடைசி முத்துச்சலாபம் 1961-இல் நடந்தது. அதன்பின் பார்களில் போதிய சிப்பி விளையவில்லை. 1973-இல் இதே ஊரில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினர். கல்லைக் காலில் கட்டி முத்துக்காக இறங்கும் தேவை அற்றுப்போயிற்று. ஆனால் சங்கு குளிப்போர் இன்றும் இறங்குகின்றனர். மூச்சடக்கி இறங்குவோரும் உண்டு; தோணியில் ஓடும் காற்றழுத்த இயந்திரத்தின் குழாயைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் ஆழத்தில் நிற்போரும் உண்டு. பின்னவருக்குக் காதின் தொல்லையோடு புதியதொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. அழுத்தத்தில் குருதியோடு கலந்த நைட்ரஜன், விரைந்து மேலே வரும்போது குமிழ்களாகப் பிரிந்து மூட்டுகளிலும் தண்டுவடத்திலும் அடைத்துக்கொள்கிறது. வலியோடு கரையேறியவர் சில மணி நேரத்தில் கால்களை அசைக்க முடியாமல் போகலாம். உடனே உயர் அழுத்த அறையில் வைத்துப் பிராணவாயு கொடுத்தால் தேறலாம். காதில் வழிவது போல் இது வெளியே தெரிவதில்லை. கயிறு பிடித்திருப்பவருக்கும் தெரியாது.